கட்டில் நமது, பாடம் யாருக்கு?

டாக்டர் வீட்டுப் பிள்ளை டாக்டராகிறது. வக்கீல் வீட்டுப் பிள்ளை வக்கீலாகிறது. மூட்டை தூக்குபவன் வீட்டுப் பிள்ளை மூட்டை தூக்க வருகிறது. "மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தரவா வேண்டும்? இரத்தத்திலேயே ஊறிய வித்தை அது!" என்று விளக்கம் தருகிறார்கள், விவரம் அறிந்தவர்களாகத் தம்மைக் கருதிக்கொள்வோர்.

இரத்தத்தில் ஊறியதா? இல்லை! நிழலில் ஊறியது!

டாக்டரின் மகன் பத்து வயதிலேயே தந்தையின் பின்னால் நிற்கிறான். நோயாளி வருவதைப் பார்க்கிறான்; நாடி பிடிப்பதைப் பார்க்கிறான்; ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காதிலே மாட்டித் தன் நெஞ்சின் துடிப்பைத் தானே கேட்டு மகிழ்கிறான். பள்ளிக்கூடம் தராத பாடத்தை, கடையிலே விற்காத பாடத்தை, தந்தையின் நிழல் தந்துவிடுகிறது. கூலிக்காரன் மகனுக்கு அந்த நிழல் ஏது? அவன் டாக்டரைப் பார்த்ததெல்லாம் ஒரே ஒரு பக்கத்திலிருந்துதான். ஊசி போட்டுக்கொள்ளும் பக்கத்திலிருந்து!

ஆகவேதான், அரசுக் குழந்தைகள் மருத்துவமனைகளிலே இன்று நடைபெறும் ஒரு சாதாரணக் காட்சி, நமக்குச் சாதாரணமாகத் தோன்றவில்லை. காலை வேளை, வார்டிலே டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வருகிறார். கட்டில் கட்டிலாக நிற்கிறார், பார்க்கிறார், பேசுகிறார், நகர்கிறார். அவர் பின்னால், கையிலே குறிப்பேடும் கண்ணிலே கூச்சமுமாக ஒரு மாணவி. தந்தை தறி நெய்பவர். தாய் வயல் வேலைக்குச் செல்பவர். படித்தது அரசுப் பள்ளி. டாக்டரம்மா நின்றால் நிற்கிறாள், குனிந்தால் குனிகிறாள், நிழலாகவே நடக்கிறாள். வீடு தர முடியாத நிழலை நாடு தருகிறது அவளுக்கு.

அந்த நிழலிலே என்ன இருக்கிறது, இவ்வளவு பேசுவதற்கு என்று கேட்கக்கூடும். சொல்கிறோம்.

பெரியவன் நோயாளி என்றால், "இங்கே வலிக்கிறது, இப்படி வலிக்கிறது" என்று தானே சொல்வான். பச்சைக் குழந்தை என்ன சொல்லும்? அழும், அல்லது அழக்கூடத் தெம்பின்றித் துவண்டு கிடக்கும். ஆகவே, குழந்தை மருத்துவத்தின் முதற்பாடம் கைக்கு அல்ல, கண்ணுக்கு! தாயின் மடியிலிருந்து பிள்ளையைப் பறிக்காதே. மடியிலேயே வைத்துப் பார். தொடுவதற்கு முன்னே பார். தூங்குகிறதா, மயங்கிக் கிடக்கிறதா என்று பார். பிறகு மூச்சை எண்ணு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதே. முழு நிமிடம் எண்ணு. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளை நிமிடத்துக்கு 50 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை 40 தடவையோ அதற்கு மேலோ விட்டால், அது எச்சரிக்கை. மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பக்கம் உள்ளே குழிந்தால், நிமோனியா வாசற்படி ஏறிவிட்டது என்று பொருள். இதற்குக் கோடி ரூபாய்க் கருவி தேவையில்லை. விநாடி முள் உள்ள ஒரு கைக்கடிகாரமும், விலகாத ஒரு கண்ணும் போதும்!

அடுத்த கட்டில். வயிற்றுப்போக்கிலே வாடிய பிள்ளை. வயிற்றுத் தோலை இரு விரலால் மெல்லப் பிடித்து விடுகிறார் டாக்டரம்மா. பிடித்த தோல் பட்டென்று படிந்தால் பயம் குறைவு; மெள்ள மெள்ளப் படிந்தால் உடம்பிலே நீர் வற்றிவிட்டது. அதற்கடுத்த கட்டில். மேற்கையைச் சுற்றி ஒரு சிறு நாடாவை வைத்து அளக்கிறார். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்கும் குறைந்தால், அது கொடிய ஊட்டக்குறைவு. பட்டினியை அளக்க ஒரு நாடா! மாணவி பார்க்கிறாள், தானும் அளக்கிறாள், ஆயுளுக்கும் மறக்கமாட்டாள்.

இவற்றைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. அது தாயிடம் பேசும் பாடம். இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். மூன்று நாள் காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கி வந்திருக்கிறாள் ஒரு தாய். "ஏம்மா, மூணு நாளா என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று மாணவியின் வாய் துடிக்கிறது. ஏழை வீட்டுப் பெண்தான் அவளும். ஆனால், வெள்ளைக் கோட்டு மேலே ஏறியதும் நாக்கு சற்று நீண்டுவிடுகிறது, பாருங்கள்! டாக்டரம்மா கையமர்த்துகிறார். அவர் கேட்கும் கேள்வியோ வேறு. "எந்த ஊரும்மா? பஸ் எத்தனை தடவை வருது? வீட்டுலே சின்னது இன்னொண்ணு இருக்கா, அது யார்கிட்டே இருக்கு?" கேட்கக் கேட்கக் கொட்டுகிறது கதை. ஊருக்கு வரும் பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய அடுப்பு எரியாது. முதல் நாள் மருந்துக் கடையிலே மாத்திரை வாங்கினாள். இரண்டாம் நாள் கைமாற்று வாங்கினாள். மூன்றாம் நாள் பஸ் ஏறினாள். அலட்சியம் அல்ல அது, வறுமை! அதை அலட்சியம் என்று எழுதிக்கொள்ளும் டாக்டர் நோயைப் பார்க்கிறார், நோயாளியைப் பார்க்கவில்லை. அந்த வேறுபாட்டை எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை. எந்தக் கணினியும் திருத்துவதில்லை. கட்டிலருகே நின்றவருக்கு மட்டுமே தெரிகிறது.

சரி, அந்தக் கட்டில் யாருடையது? நாம் கேட்க வந்த கேள்வி அதுதான்.

குழந்தைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை எழுந்தது பாரிசு நகரிலே, 1802ஆம் ஆண்டில். இலண்டனிலே கிரேட் ஆர்மண்ட் தெருவில் சார்லஸ் வெஸ்ட் என்ற டாக்டரின் முயற்சியால் 1852ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை திறக்கப்பட்டது. அன்று அங்கே இருந்தவை 10 கட்டில்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு மருத்துவம் செய்வது அதன் ஒரு நோக்கம். பிள்ளை நோய்களைப் பற்றிய அறிவை வளர்ப்பது இன்னொரு நோக்கம். சீமான் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் வீட்டுக்கே வருவார். சேரிப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அது ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். ஆகவே, யாரைப் பார்த்து டாக்டர்கள் கற்றார்கள்? கட்டிலிலே கிடந்த ஏழைப் பிள்ளையைப் பார்த்து!

நம் நாட்டிலே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். 1971ஆம் ஆண்டு, வங்கதேச விடுதலைப் போரின்போது, எல்லை கடந்து வந்த ஏதிலிகள் மேற்கு வங்கத்துப் பன்காவ் ஊரிலே அடைக்கலம் புகுந்தனர். காலரா வந்தது. நரம்பிலே ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துகொண்டே வந்தது. குழந்தை மருத்துவம் பயின்ற டாக்டர் திலீப் மகாலனாபிசு துணிந்தார். உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய் வழியாகக் கொடுக்கச் செய்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த சாவு, 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்று உலகமெங்கும் பொட்டலத்திலே கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். உப்புச் சர்க்கரைக் கரைசலை மருத்துவ உலகம் தயக்கம் நீங்கி ஏற்க வழி செய்த பெரும் பாடங்களில் அது ஒன்று. பாடம் நடந்த இடம் எது? பளிங்கு மாளிகையா? ஏதிலி முகாமின் தரை! பாடம் தந்தவர்கள் யார்? பெயர்கூடப் பதிவாகாத ஏழைகள்!

ஏழை இரண்டு முறை கொடுக்கிறான், தோழர்களே! தீப்பெட்டி வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் வரியாகக் கொடுக்கிறான்; அந்த வரியிலே கல்லூரி எழுகிறது. அரசு மருத்துவமனையின் கட்டிலிலே தன் பிள்ளையைக் கிடத்தும்போது, அந்த உடலையே பாடநூலாகக் கொடுக்கிறான். அந்தப் பாடநூலைப் படித்து டாக்டர்கள் உருவாகிறார்கள். இன்று குளிரூட்டிய அறையிலே அமர்ந்து ஆயிரக்கணக்கில் கட்டணம் பெறும் நிபுணர் பலரின் விரலிலே இருக்கும் திறமையைத் தேடிப் பாருங்கள். ஏதோ ஒரு கூலிக்காரன் பிள்ளையின் நெஞ்சிலே முதன்முதலில் ஸ்டெதஸ்கோப் வைத்த நாள் அதிலே இருக்கும். அவர்களை நாம் பழிக்கவில்லை. கணக்கைத்தான் நினைவூட்டுகிறோம்.

கட்டில் நம்முடையது என்றால், கட்டிலருகே நின்று கற்கும் உரிமை யாருக்கு? இந்தக் கேள்விக்கு நம்மவர் விடை பெறுவதற்கு எத்தனை காலம் ஆயிற்று!

சென்னை மருத்துவக் கல்லூரியின் வரலாறு 1835இல் தொடங்குகிறது. அங்கே பெண்கள் கால் வைக்க 1875 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புதுக்கோட்டையிலே, இசை வேளாளர் குலத்துத் தாயின் மகளாக 1886இல் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரியிலே எதிர்ப்புக்கிடையே இடம் பெற்று, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் டாக்டராக வெளிவந்தார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலே பயிற்சி மருத்துவராக நின்றார். அந்த நிழலிலே நின்றவர் பிறகு என்ன செய்தார்? 1927இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார். மகளிருக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டும் என்று அங்கே வாதாடினார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1954இல் அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனை எழக் காரணமானார். ஒரே ஒரு பெண்ணுக்கு, ஒடுக்கப்பட்ட குலத்திலே பிறந்த ஒரே ஒரு பெண்ணுக்கு, கட்டிலருகே நிற்க இடம் கிடைத்ததன் விளைவு இது! இடம் கிடைக்காமலே போன முத்துலட்சுமிகள் எத்தனை பேர்?

ஒருவர் இருவர் முண்டியடித்து நுழைந்தால் போதாது, வாசலையே அகலப்படுத்த வேண்டும் என்று கருதினர் நம் முன்னோர். 1928இல் அமைச்சர் முத்தையா முதலியார் வகுப்புவாரி உரிமை ஆணையைச் செயலுக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் கல்லூரி இடங்கள் 14 என்றால், அவற்றிலே பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்டோருக்கு 2, பார்ப்பனருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிடப்பட்டது. எல்லோருக்கும் இலையிலே இடம். எவருக்கும் பந்தி மறுப்பில்லை.

பொறுத்ததா ஆதிக்கம்? நீதிமன்றத்துக்கு ஓடிற்று! மருத்துவக் கல்லூரி இடத்துக்காகத் தொடரப்பட்டதுதான் செண்பகம் துரைராசன் வழக்கு. கல்லூரிக்கு விண்ணப்பமே போடாத நிலையிலே தொடுத்த வழக்கு அது! 1951 ஏப்ரல் 9இல் ஆணை செல்லாது என்றது உச்சநீதிமன்றம். கொதித்தெழுந்தது தமிழகம். பெரியார் களம் கண்டார். நம் இயக்கத்தார் தெருத்தெருவாக முழங்கினர். விளைவு? அதே ஆண்டு ஜூன் மாதம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. பதினைந்தாம் பிரிவிலே நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. இந்தியா முழுவதும் இன்று பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் கல்லூரி வாசல் ஏறுகிறார்கள் என்றால், அந்த வாசற்படியிலே தமிழன் வியர்வையும் இருக்கிறது. ஒரு மருத்துவக் கல்லூரி இடத்தைப் பற்றிய வழக்கு ஒரு நாட்டின் சட்டத்தையே திருத்த வைத்தது என்பதைத் தோழர்கள் மறந்துவிடக் கூடாது.

"எல்லாம் சரி, தகுதி வேண்டாமா? உயிரோடு விளையாடும் தொழில் அல்லவா இது?" என்று கேட்கிறார்கள்.

வேண்டும், ஐயா! தகுதி வேண்டாம் என்று எவன் சொன்னான்? எது தகுதி என்றுதான் கேட்கிறோம். முழு நிமிடம் மூச்சை எண்ணும் பொறுமை தகுதியா, இல்லையா? தாயின் பேச்சிலே இருக்கும் வறுமையைக் காதால் பிடிக்கும் நுட்பம் தகுதியா, இல்லையா? நடுச்சாமத்திலே நெஞ்சு குழியும் பிள்ளையை விட்டு நகராத நெஞ்சுரம் தகுதியா, இல்லையா? மூன்று மணி நேரத் தேர்வு இவற்றுள் எதை அளக்கிறது?

தமிழகம் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நுழைவுத் தேர்வை நீக்கி, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையே அளவுகோலாக்கியது. 2017இல் 'நீட்' வந்து அதைத் தட்டிப் பறித்தது. பள்ளியிலே இரண்டாண்டு படித்தது போதாது. பயிற்சி நிலையத்துக்கு இலட்சம் கொடு. ஓராண்டு போனால் இரண்டாம் ஆண்டும் கொடு என்றாயிற்று. அரியலூர் மாவட்டத்துக் குழுமூரைச் சேர்ந்த மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, பன்னிரண்டாம் வகுப்பிலே 1200க்கு 1176 பெற்றவர், இடம் கிடைக்காமல் 2017 செப்டம்பரில் நம்மை விட்டுப் போனார். அந்தத் துயரை மேடைக்கு மேடை விவரித்துக் கைதட்டல் பெறும் எண்ணம் நமக்கில்லை. ஒன்று மட்டும் சொல்கிறோம், தேர்விலே தவறிய பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்: இழந்தது ஓர் ஆண்டு, வாழ்வு அதைவிட மிகப் பெரிது. போராட வேண்டியது நாங்கள். வாழ வேண்டியது நீங்கள்.

நீதிபதி ஏ.கே. இராஜன் குழு 2021இல் அறிக்கை தந்தது. அரசுப் பள்ளி மாணவர், தமிழ்வழி மாணவர், சிற்றூர் மாணவர், வருவாய் குறைந்த வீட்டு மாணவர் ஆகியோருக்குக் கிடைத்த இடங்கள் நீட்டால் குறைந்தன என்றது. சட்டமன்றம் அவ்வாண்டு செப்டம்பரில் விலக்குச் சட்டமுன்வரைவை நிறைவேற்றியது. ஆளுநர் 2022 பிப்ரவரியில் திருப்பியனுப்பினார். மன்றம் மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தி 2025 ஏப்ரலில் மன்றத்திலே அறிவிக்கப்பட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இருமுறை சொன்ன சொல்லுக்கு, இதுதான் மரியாதை!

"நீட் வந்ததால்தான் நன்கொடைக் கொள்ளை ஒழிந்தது" என்பாரும் உண்டு. இடத்துக்கு விலை பேசும் கொடுமையை நாமும் வெறுக்கிறோம். ஆனால் கட்டணத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் போடுவதை விட்டுவிட்டு, அரசுப் பள்ளிப் பிள்ளையின் வழியை மறிப்பது எந்த ஊர் வைத்தியம்? தலைவலிக்குக் காலில் கட்டா? தகுதி தகுதி என்று தாளம் போட்டவர்களே, 2023 செப்டம்பரில் முதுநிலை நீட் தேர்வின் தகுதிப் புள்ளியைச் சுழியம் பெர்சன்டைல் வரை இறக்கினார்களே, எதற்காக? காலியாகக் கிடந்த இடங்களை நிரப்புவதற்காக! ஏழைப் பிள்ளை வாசலுக்கு வரும்போது தகுதி மலைபோல் உயர்கிறது. இடம் காலி என்றதும் தகுதி மண்ணோடு மண்ணாகப் படுத்துவிடுகிறது. விந்தையான தகுதிதான்!

எவர் ஆட்சியிலே வந்தது என்று பாராமல், நன்மையை நன்மை என்றே சொல்லுவோம். அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பிலே 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்தது. நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைத்ததோ 10 விழுக்காடு. ஆளுநரின் ஒப்புதலுக்காகக் காத்திருந்த வாரங்களிலே எழுந்த போராட்டங்களை நாடு அறியும். சென்னை உயர்நீதிமன்றம் 2022 ஏப்ரலில் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அந்தக் கதவின் வழியாக வந்தவர்கள்தாம், இன்று வார்டிலே டாக்டரம்மாவின் பின்னால் நடக்கும் அந்தக் கூச்சக் கண்ணுடைய பிள்ளைகள்.

கதவு திறந்தால் மட்டும் போதுமா? போதாது. நிழல் முன்னதாகவே கிடைக்க வேண்டும். அமெரிக்க நாட்டிலே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவர் பலர், சேருவதற்கு முன்பே ஒரு டாக்டரின் பின்னால் சில நாள் நடந்து தொழிலைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கேயும் தெரிந்த டாக்டர் உள்ள வீட்டுக்கே அது எளிது. இங்கே 2019 முதல் நடைமுறையான மருத்துவப் பாடத்திட்டம், முதலாண்டிலேயே மாணவரை நோயாளியின் அருகே அழைத்துச் செல்ல வேண்டும் என்கிறது. நல்லது. நாம் இன்னும் ஒரு படி முன்னே போகச் சொல்கிறோம். அரசுப் பள்ளியிலே பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளை, விடுமுறையிலே சில நாட்களாவது ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ ஒரு டாக்டரின் பின்னால் நின்று பார்க்க ஏற்பாடு வேண்டும். கை கழுவக் கற்றுக்கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். தாயின் சம்மதம் கேட்டுக் கட்டிலருகே நிறுத்துங்கள். கண்டதை வெளியே பேசக்கூடாது, கைப்பேசியை வெளியே எடுக்கக்கூடாது, டாக்டர் சொல்லாமல் பிள்ளையைத் தொடக்கூடாது என்று கட்டுப்பாடு செய்யுங்கள். செலவு என்ன? ஏறத்தாழ ஒன்றுமில்லை. வரவு என்ன? "நானும் அங்கே நிற்கலாம்" என்ற எண்ணம், குடிசையிலே பிறக்கும்!

மருத்துவ மாணவருக்கும் ஒரு சொல். தம்பி, தங்காய்! நீங்கள் நிற்கும் இடம் இரவலாகக் கிடைத்ததல்ல, உரிமையாகக் கிடைத்தது. ஆகவே கூச்சம் வேண்டாம். அதே நேரத்தில், அங்கே கிடக்கும் பிள்ளை உங்களுக்குக் காட்சிப் பொருளும் அல்ல. பத்துப் பேர் வரிசையாக நின்று, நோவெடுத்த வயிற்றைப் பத்துத் தடவை அமுக்கிப் பார்ப்பது படிப்பல்ல, கொடுமை! "அம்மா, பிள்ளையைப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். தொடும் முன்னே கையைக் கழுவுங்கள். குளிர்ந்த ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையிலே தேய்த்துச் சூடாக்குங்கள். பாடத்தை ஆங்கிலத்திலே படித்தாலும், தாயிடம் தமிழிலே சொல்லுங்கள். அவள் திருப்பிச் சொல்லும் வரை சொல்லுங்கள். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரிலே கரைக்க வேண்டும் என்பதை ஒரு டம்ளரிலே கரைத்துவிட்டால், உப்பு மிகுந்து மருந்தே தீங்காகும். செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள், நரம்பு தெரியாத பிஞ்சுக் கையிலே ஊசி ஏற்றுவதிலே அவர்கள் பல பட்டங்களுக்குச் சமம். வார்டு பெருக்கும் அம்மாவுக்கும் வணக்கம் சொல்லுங்கள். உங்கள் தாயும் எங்கோ அப்படித்தான் உழைக்கிறார்.

படித்து முடித்ததும் ஊரை மறந்துவிடாதீர்கள். ஊர் மருத்துவமனையிலே பணியாற்றும் அரசு டாக்டர் மேற்படிப்புப் படிக்க ஒதுக்கீடு தந்தது தமிழகம். அப்படி ஒதுக்கும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31இல் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு தீர்ப்பளித்தது. சிற்றூரிலே பணி செய்து, குழந்தை மருத்துவராகி, மீண்டும் மாவட்ட மருத்துவமனைக்கே வரும் டாக்டர்தான் இந்த நாட்டின் செல்வம்.

விளைவு இல்லாமலா பேசுகிறோம்? 1971இல் இந்தியாவிலே பிறந்த 1000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன்பே மடிந்தன. 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கிலே அந்த எண்ணிக்கை இந்தியாவுக்கு 28. தமிழகத்துக்கோ 13! ஊர்தோறும் சுகாதார நிலையம், தடுப்பூசி, மருந்து, கல்வி கற்ற தாய், எல்லாம் சேர்ந்து சாதித்தது இது. அந்தப் பட்டியலிலே இடஒதுக்கீட்டால் வந்த டாக்டர்களின் உழைப்பும் இருக்கிறது. "இவர்கள் கையிலே கொடுத்தால் உயிர் போய்விடும்" என்று எவரைப் பார்த்து ஏளனம் செய்தார்களோ, அவர்களும் சேர்ந்துதான் பிள்ளைகளின் உயிரைக் காத்தார்கள்! அந்த 13ம் நமக்கு மிகுதிதான்; அதையும் குறைக்க வேண்டும்.

தோழர்களே! உங்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் பிள்ளை கட்டிலிலே கிடக்கும்போது ஒரு மாணவி அருகே வந்து நின்றால், "பெரிய டாக்டரைக் கூப்பிடு, நீ யார்?" என்று விரட்டாதீர்கள். அவள் நாளைய பெரிய டாக்டர். தெரியாததைக் கேளுங்கள், விருப்பமில்லையென்றால் "வேண்டாம்மா" என்று அமைதியாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. துயரம் நேர்ந்தாலும் வார்டிலே கூட்டம் சேர்த்துக் கூச்சலிடுவது, டாக்டர் மீது கை ஓங்குவது, கட்சிக் கரை வேட்டிக்கு இழுக்கு. குறை இருந்தால் எழுதிக் கொடுங்கள். நம் சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டு செல்லுங்கள். மாமன்றத்திலே பேச வையுங்கள். உங்கள் தெருவிலே உயிரியல் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளை யார் யார் என்று கணக்கெடுங்கள். படிப்பகத்திலே அவர்களுக்கு ஒரு மேசையும் விளக்கும் ஒதுக்குங்கள். ஊருக்கு வரும் இளம் டாக்டரை ஒரு மாலை அழைத்து அவர்களோடு பேசச் செய்யுங்கள். கொடிக்கம்பம் நடுவதைப் போலவே இதுவும் கழகப் பணிதான்.

வரி நம்முடையது. கட்டில் நம்முடையது. கட்டிலிலே கிடந்து உலகுக்கு மருத்துவம் கற்பித்த பிள்ளையும் நம்முடையது. கற்கும் உரிமை மட்டும் இன்னொருவருடையது என்றால், அதை ஏற்க நாம் ஏமாளிகள் அல்லர்!